பதினொரு வீட்டுக் குடி

மருதமுனையில் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்த சுபைறாவுக்கு கடலுக்கு அப்பால் பதினொரு வீட்டுச் சொந்தபந்தம் இருந்தது. மருதமுனையில் ஒரு வீட்டுச் சொந்தமும் இருக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டுவரை முதற்செய்தி அவளுக்குத் தெரியாது. இரண்டாவதை மறந்துவிட ஊர் அவளை ஒருநாளும் விட்டதில்லை.

அவள் பிறந்த கதை சின்னது. 1914இல் நற்பிட்டிமுனை வயல்களுக்கு மேற்கே கூடாரமடித்துக் காணி அளந்துகொண்டிருந்தார் ஒரு வெள்ளைக்காரர். ஹரல்ட் பென்வாரிக் என்று பெயர். அவருக்குச் சமைத்துப்போட மலைநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெண்ணொருத்தியும் அதே கூடாரத்தில் இருந்தாள். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். பச்சைக் குழந்தையோடு காடு மேடெல்லாம் காணி அளக்க முடியாது. அதே மாதம் தன் குழந்தையைப் பறிகொடுத்திருந்த மருதமுனைச் சபூறாவிடம் துரை பிள்ளையைக் கொடுத்தார். கூடவே ஒரு பிஸ்கட் தகரம். உள்ளே தகப்பன் பெயர் மட்டும் பதிந்த பிறப்புப் பத்திரமும், இங்கிலாந்திலிருந்து அவருடைய சகோதரி எழுதிய கடிதத்தின் உறையும் இருந்தன. மறு வருடம் அவர் சண்டைக்கென்று கப்பலேறினார். பிறகு சத்தமில்லை.

துரையின் பெயரை ஊரே மனப்பாடமாக வைத்திருந்தது. அந்தப் பெண்ணின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

வேறு ஊரென்றால் இதில் பெரிய நட்டமில்லை. கல்முனைப் பக்கத்து முஸ்லிம்களுக்குக் குடி என்று ஒன்று உண்டு. அது உம்மாவின் வழியால் வருவது. வாப்பா கோட்டை கட்டி ஆண்டவராக இருந்தாலும் பிள்ளை உம்மாவின் குடிதான். ஒரே குடிக்குள் சம்பந்தம் செய்வதில்லை. அவர்கள் காக்கா தங்கச்சி முறை. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார். கலியாணமோ மையித்து அடக்கமோ, அவர் வந்து முன்னால் உட்கார்ந்தால்தான் அந்த வீட்டுக்கு ஆளிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே, கேட்க வேண்டிய ஒரேயொரு பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டு, கேட்கத் தேவையில்லாத பெயரை நாற்பது வருடம் பத்திரமாக வைத்திருந்தது நமது ஊர்.

சபூறா தன் குடியையே பிள்ளைக்குக் கொடுத்துவிட ஆசைப்பட்டாள். பள்ளிவாசல் லெப்பை மறுத்தார். வளர்க்கிற பிள்ளையைப் பெற்ற தகப்பனின் பெயரால்தான் அழைக்க வேண்டும், அது மார்க்கம் என்றார். சபூறா அல்லாஹ்வுக்குப் பயந்தவள். அதனால் பள்ளிக்கூட இடாப்பில் சுபைறா பென்வாரிக் என்று ஒரு பெயர் ஏறியது. வாத்தியார் அந்தப் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வாராம்.

சாய்ந்தமருதிலிருந்து கரைவலைக்காரர் மீராசாஹிபு அவளைக் கேட்டு வந்தபோது, அவருடைய ஆட்கள் குடியை ஞாபகப்படுத்தினார்கள். "அவட குடிய வெச்சி நான் கறியா ஆக்கப் போறன்?" என்று சொல்லிவிட்டு அவளைக் கலியாணம் முடித்துக்கொண்டார். பத்து வருடம் நன்றாக வைத்திருந்தார். ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் கடலுக்குப் போனவர் மூன்றாம் நாள் பாண்டிருப்புக் கரையில் ஒதுங்கினார். சுபைறாவுக்கு மிஞ்சியது ஸகியா என்ற மகளும், சபூறா சாகும் முன் எழுதி வைத்த சின்ன வீடும் வளவும்.

ஸகியாவுக்குப் பதினெட்டு வயதானபோது, நூல் எடுக்க வந்து வந்து போன தறிக்காரன் ஜெமீலுக்கு அவள்மேல் விருப்பமாயிற்று. வாரத்துக்கு ஒருமுறை தேவைப்பட்ட நூல் நாளுக்கு ஒருமுறை தேவைப்படத் தொடங்கியதிலிருந்து இதை அக்கம்பக்கத்து வளவுக்காரர் எல்லாரும் விளங்கிக்கொண்டார்கள். கடைசியில் அவனுடைய உம்மா ஹாஜறாவே வெற்றிலை வட்டாவோடு வந்தாள்.

"கோவிச்சிக்காத சுபைறா. புள்ள தங்கம். நான் குத்தம் சொல்ல வரல்ல. குடி என்ன எண்டு மட்டும் சொல்லு."

"ஒங்களுக்குத் தெரியாதா ராத்தா? ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சது ஒண்ட வாப்பாட பேரு. அத வெச்சி நான் என்ன செய்ய? நாளைக்கு எவளாச்சும் வந்து ஒண்ட உம்மா எங்கட செய்யம்மா குடி எண்டு சொன்னா? காக்காக்கும் தங்கச்சிக்கும் நிகாஹ் செஞ்ச பாவம் ஆருக்கு?"

"என்ட உம்மா மலைநாட்டுக்காரி எல்லோ."

"எங்கட ஆக்கள் மலைக்கு யாவாரத்துக்குப் போகல்லயா?"

ஹாஜறா கெட்டவள் அல்ல. ஸகியாவின் தலையைத் தடவிவிட்டுத்தான் போனாள். "ஒரு குடியக் காட்டு, நாளைக்கே நான் கலியாணத்த வெக்கிறன். ஒண்ணுமில்லாத இடத்துல எப்பிடி வெக்கிற?" என்று வாசல் கடப்படியில் நின்று சொன்னாள்.

சுபைறா பிஸ்கட் தகரத்தை எடுத்துக்கொண்டு கல்முனைக்குப் போனாள். அங்கே நீதிமன்றத்துக்கு முன்னால் இங்கிலீசில் பெட்டிசம் எழுதும் கச்சிமுகம்மது இருந்தார். அவரிடம் ஒரு தட்டச்சு இயந்திரமும், எல்லாவற்றுக்கும் ஒரு பதிலும் உண்டு.

"வெள்ளைக்காரனுக்குப் பேருக்குப் பின்னால இன்னொரு பேர் இரிக்கே, அது என்னண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டார். "அதுதான் அவகட குடி."

"அப்ப அவகளுக்கும் மரைக்கார் இருப்பாரா காக்கா?"

"இல்லாம? நூத்தம்பது வருசம் நம்மள ஆண்ட ஆக்கள். மரைக்கார் இல்லாமயா ஆண்டிருப்பானுகள்?"

இந்தத் தவறை உலகத்தில் வேறெந்தக் கரையிலும் செய்திருக்க மாட்டார்கள். இங்கே செய்தார்கள். சகோதரியின் கடித உறையில் இருந்த கிராமத்து முகவரிக்கு, 'பென்வாரிக் குடி மரைக்கார் அவர்களின் மேலான சமூகத்துக்கு' என்று ஒரு கடிதம் போயிற்று. ஹரல்ட் பென்வாரிக்கின் மகள் சுபைறா தங்கள் குடியைச் சேர்ந்தவள் என்று உறுதிப்படுத்தித் தரவேண்டும். தங்கள் குடிக்காரர் எந்தெந்தக் குடிகளில் சம்பந்தம் செய்வது வழக்கம் என்றும் தெரிவிக்க வேண்டும். முத்திரை குத்தி அனுப்பினால் பெரும் உபகாரம்.

கடிதம் போட்ட நாளிலிருந்து சுபைறாவின் நடையில் ஒரு மாற்றம். கிணற்றடியில் யாராவது வாப்பாவைப் பற்றிக் கேட்டால், "கடிதம் போட்டிரிக்கி" என்று சொன்னாள், அவர் பக்கத்தூருக்குப் போயிருப்பதைப் போல. உயிரோடிருந்தால் எழுபதுக்கு மேல் வரும் என்று விரல்விட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாலு மாதத்தில் பதில் வந்தது. ஏழு பக்கத் தட்டச்சும், ஒரு வரைபடமும். எழுதியவர் அந்தக் கிராமத்தில் இளைப்பாறிய ஒரு பள்ளிக்கூட மாஸ்டர். அவரும் ஒரு பென்வாரிக். வேலையில்லாத காலத்துக்கு வேலையாகத் தன் பெயரின் சரித்திரத்தைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தவர். உலகத்தின் மறு கோடியிலிருந்து ஒருவர் அதைப் பற்றிக் கேட்டுவிட்டதில் மனிதர் குளிர்ந்துபோயிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சுபைறாவின் வீட்டில் கடிதம் வாசிக்கப்பட்டது. கச்சிமுகம்மது கதிரையில். அவருக்கெதிரே சபூறாவின் முத்தாச்சி குடி மரைக்கார் ஷரிபுதீன், பால் கொடுத்த குடி என்ற முறையில் வந்திருந்தார். ஹாஜறா பாயில். சுபைறாவும் ஸகியாவும் திரைச்சீலைக்குப் பின்னால்.

பென்வாரிக் என்பது இங்கிலாந்தின் மேற்கு மூலையில் ஒரு மலைச்சரிவுத் தோட்டத்தின் பெயர். அங்கிருந்தவர்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய வேதக்கோயில் புத்தகத்தில் முதற்பென்வாரிக் இருக்கிறார். ஆடு திருடியதற்காக. இப்போது முழு உலகத்திலும் பதினொரு வீடுகள். ஏழு அந்தக் கிராமத்துக் கடற்கரையில், இரண்டு பக்கத்துத் துறைமுகத்தில், ஒன்று லண்டனில், ஒன்று சுரங்கம் தோண்டப்போய் அவுஸ்திரேலியாவில்.

"கடக்கரையிலயா இரிக்காங்க?" என்றார் மரைக்கார். "என்ன தொழிலாம்?"

"சாளை மீன் பிடிக்கிறாங்களாம்."

"அப்ப எங்கட ஆக்களப் போலத்தான்!"

"சாளை பிடிக்கிற துரையும் இரிக்கானா?" என்று ஹாஜறா வாயைப் பொத்திச் சிரித்தாள். ஆனால் முகம் இளகியிருந்தது. முந்நூற்றைம்பது வருடப் பழைமை, பதினொரு வீடு, கடற்கரை. இதைவிடக் குறைந்த தகுதியோடு எத்தனையோ குடிகள் கந்தூரி விருந்தில் முன்வரிசையில் இருக்கின்றன. வரைபடத்தில் வீடுகளைப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்ததை மரைக்கார் வாங்கிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் ஸகியா உம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஐந்தாம் பக்கத்தில் கச்சிமுகம்மது நின்றுவிட்டார்.

"ஏன் காக்கா நிப்பாட்டினீங்க?" என்று கேட்டாள் சுபைறா.

கச்சிமுகம்மது பெட்டிசத்தில் எந்தப் பொய்யையும் எழுதுவார். எழுதிய கடிதத்தில் இல்லாததை வாசிக்கமாட்டார். அது அவருடைய ஒரே மார்க்கம்.

"ஹரல்ட் பென்வாரிக் பதினேழாம் ஆண்டு பிரான்சுச் சண்டையில மவுத்தாம்," என்றார். "கலியாணம் முடிக்காதவராம். புள்ளகுட்டி இல்லயாம். அவரோட அந்த வீடு அத்துப் போச்சாம்."

திரை அசையவில்லை.

"மறுகா?" என்றாள் ஹாஜறா, கொஞ்சம் மெதுவாக.

"மறுகா, நாம கேட்டதுக்குப் பதில். அவகளுக்கு மரைக்கார் இல்லயாம். பேர் வாப்பாட வழியாலதான் வருமாம். பொம்புளப் புள்ளக்கு வந்தாலும், அவ கலியாணம் முடிக்கிற அண்டைக்கி அந்தப் பேர் இல்லாமப் போயிருமாம். மாப்புளட பேர்தானாம். அதனால, அப்பிடி ஒரு மகள் இருந்திருந்தாலும், தன்ட படத்துல இலங்கைக்குப் புள்ளி குத்த ஏலாதாம். பெரிய மனவருத்தத்தோட எழுதியிரிக்கார்." கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இலங்கைத் தபால் முத்திரை நாலஞ்சி கிடைச்சா அனுப்பச் சொல்லியிரிக்கார்."

"கலியாணம் முடிச்சாக் குடி போயிருமா?" ஹாஜறா மெய்யாகவே அதிர்ந்துபோனாள். "அல்லாஹ்வே, இதென்ன சாதிசனம்! பொம்புளக்கிக் குடி இல்லாம எப்பிடிப் படுத்து எழும்புறாளுகள்?"

மரைக்கார் வரைபடத்தை மடித்தார். ஆடு மாட்டு வழக்கெல்லாம் தீர்த்த கூர்மையான மனிதர். கணக்கு அவருக்கு உடனே விளங்கிவிட்டது. நமது முறைப்படி வாப்பா குடியைக் கொடுக்க முடியாது, ஆகவே சுபைறாவுக்கு அது வரவே இல்லை. அவர்களுடைய முறைப்படி வந்திருந்தாலும், மீராசாஹிபை முடித்த அன்றே அது போய்விட்டது. எந்தக் கடலால் போனாலும் ஸகியாவிடம் வந்து சேர வழியில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து சுபைறாவின் குரல் வந்தது.

"காக்கா, அந்த ஊர்ல கடல் எந்தப் பக்கம்?"

கச்சிமுகம்மது படத்தை மறுபடி விரித்துப் பார்த்தார். "மேக்குப் பக்கம் புள்ள."

"எங்களுக்குக் கிழக்கு," என்றாள் சுபைறா.

ஒரு வாரம் ஸகியா சோறு தின்னவில்லை. ஜெமீல் நூலெடுக்க வரவில்லை. எட்டாம் நாள் ஷரிபுதீன் மரைக்கார் வந்தார். கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே கதைத்தார்.

"ஒரு வழி இரிக்கி. எங்கட குடியில றபீக்கா இரிக்கா, புள்ளயில்லாதவ. ஸகியா அவட மகள் எண்டு வெப்பம். நிகாஹில கேக்கிறது வாப்பாட பேர். அது மீராசாஹிபுதான், பொய் இல்ல. உம்மாட பேர லெப்பை கேக்கிறதில்ல, குடி கேக்கிற ஆக்களுக்குத்தான் அது. ஹாஜறாவும் ஓம் எண்டுட்டா."

"ஊருக்குத் தெரியாதா மரைக்கார்?"

"ஊருக்கு எல்லாம் தெரியும். ஊருக்கு வேண்டியது, கேட்டாச் சொல்றதுக்கு ஒரு பதில்." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "ஒண்டு மட்டும். கலியாணத்தண்டைக்கி நீ உம்மாவா நிக்க ஏலா. அதுக்குப் பொறவும்தான். மாப்புள இந்த வீட்டுக்கு வந்து இரிக்கிறவன், அவன்ட ஆக்கள் வரப் போக இருப்பாங்க. நீ பின்வளவுல ஒரு குடில் போட்டுக்க. புள்ள உன்ன உம்மா எண்டு கூப்பிடப்படா. மாமி எண்டு பழக்கு."

சுபைறா நூல் இராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டு முடியும்வரை. பிறகு, "ஜெமீல் நல்ல புள்ளதானே மரைக்கார்?" என்று கேட்டாள்.

"நல்ல புள்ள."

"அப்ப சரி."

பழக்குவதற்கு ஒரு மாதம் பிடித்தது. "உம்மா, தண்ணி" என்று ஸகியா கேட்டால் சுபைறா காது கேளாதவள்போல் இருந்தாள். "மாமி" என்று வந்தபிறகுதான் திரும்பினாள். முதல் நாள் அப்படிக் கூப்பிட்டுவிட்டு ஸகியா கிணற்றடியில் போய் அழுதாள். சுபைறா குடிலின் கூரைக்குக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தாள்.

கலியாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு. முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி, முத்தாச்சி குடி மரைக்கார் முதற்பாயில் உட்கார்ந்திருந்தார். சுபைறாவின் வாழ்க்கையில் முதன்முறையாக அந்த வளவுக்கு ஆளிருந்தது. மாப்பிள்ளை கடப்படிக்கு வரும்போது குரவை எடுப்பார்கள். பெண்ணின் உம்மாதான் அதை முதலில் எடுத்துக்கொடுக்க வேண்டும். பிறகு அவளுடைய குடிக்காரிகள், அதற்குப் பிறகே அயலட்டைப் பெண்கள். ஊரில் சுபைறாவைப்போலக் குரவையிடக் கூடியவர்கள் இல்லை. மற்றவர்களின் கலியாணங்களுக்கெல்லாம் அவளைத் தேடி வந்து கூட்டிப்போவார்கள்.

தம்பிலுவிலுக்குப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டோடு வந்த ஒரு பெண் வேலியோரம் நின்ற சுபைறாவிடம் கேட்டாள். "மச்சி, பொண்ணுட உம்மா ஆரு?"

"அந்தா, பச்சச் சாரி," என்று றபீக்காவைக் காட்டினாள் சுபைறா.

"நீங்க?"

"பின்வளவு."

ஜெமீல் வந்தான். றபீக்கா குரவை எடுத்தாள். புதிய உம்மா, குரல் பாதியில் உடைந்துபோயிற்று. முத்தாச்சி குடிப் பெண்கள் அதை வாங்கி நீட்டி நீட்டிப் போட்டார்கள். பரம்பரையாகப் போட்டுவந்த குரல்கள், அவசரமே இல்லை. சுபைறா கையை வாயருகில் வைத்துக்கொண்டு காத்து நின்றாள். அயலட்டையின் முறை வந்தபோது மாப்பிள்ளை வீட்டுக்குள் போய்விட்டான். கதவும் சாத்தியாயிற்று.