ஆடி பதினெட்டுக்குக் காத்திருந்த கையெழுத்து

அந்த வருடம் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் அதைப் பற்றிப் புலம்பாதவர்கள் இல்லை. நான் மட்டும் புலம்பவில்லை. மாதாமாதம் என் சம்பளக் கணக்கிலிருந்து வீட்டுக் கடனுக்குப் போகும் தவணை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அதனால் வட்டி ஏறுவது அடுத்த ஊரில் பெய்யும் மழை என்று நினைத்துக்கொண்டேன்.

"நம்ம பேங்க்கு நல்ல பேங்க்கு அம்மணி. ஊரே ஏத்துது, இவன் ஏத்துல பாரு," என்பார் என் வீட்டுக்காரர். அவர் விசைத்தறிப் பட்டறைகளில் தறி ஃபிட்டர். நான் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். கடனும் வீடும் இருவர் பெயரிலும் இருக்கின்றன. இருவரும் சேர்ந்து அந்த வங்கியைப் புகழ்ந்தது கொஞ்சநஞ்சமல்ல.

அலுவலகத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் எனக்கு ஒரு கிறக்கம் வரும். தூக்கம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே வீட்டு மாடிக்குப் போய்விடுவேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. அதனால் என்ன? ஏலச்சீட்டு போட்டு ஒற்றை அறை ஒன்று கட்டுவதாக இருந்தோம். மேற்கே ஒரு பெரிய ஜன்னல். சாயங்காலம் காவிரியில் பட்ட வெயில் அந்த ஜன்னல் வழியாக வந்து சுவரில் அசைந்துகொண்டிருக்கும். கீழே தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே நான் அறுபது வயதுக்காரியாக, கடைசிச் சம்பளம் வாங்கிவிட்டு, கடைசித் தவணையும் கட்டிவிட்டு, கால் நீட்டிப் படுத்திருப்பேன். கடன் வாங்கும்போதே அப்படித்தான் கேட்டு வாங்கினேன். சம்பளமும் தவணையும் ஒரே மாதத்தில் முடியவேண்டும்.

வருமான வரிக்காக வங்கியில் கடன் விவரம் ஒன்றை வாங்கினேன். எப்போதும் படிக்காமல் மடித்துக் கொடுத்துவிடுவேன். அன்று ஏனோ கடைசித் தேதியைப் பார்த்தேன். அது எனக்கு அறுபத்தைந்து வயது தாண்டிய பிறகு வந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண் மிகவும் தன்மையாகச் சொன்னாள்.

"தவணை ஏறாதுங்க மேடம். காலந்தானுங்க நீளும்."

எனக்கு வந்த கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. இத்தனை மாதம் நல்ல பேங்க்கு, நல்ல பேங்க்கு என்று பாட்டுப் பாடிய என் மேல்தான். பென்ஷன் பணத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் தவணை கட்டவேண்டும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், பவானியில் இன்னொரு வங்கி இருந்தது. கடனை அங்கே மாற்றிக்கொண்டால் கடைசி வரைக்கும் ஒரே வட்டி, ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது என்றார் அங்கிருந்த அதிகாரி. வக்கீல் செலவு, பதிவுச் செலவு எல்லாம் தனி. அடுத்த வட்டி அறிவிப்பு வருவதற்குள் இருவரும் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றும் சொன்னார். வட்டி அடுத்த வருடம் இறங்கிவிட்டால் நாம் ஏமாந்தவர்கள். இன்னும் ஏறினால் இப்போதே மாறியவர்கள் கெட்டிக்காரர்கள். தினமும் காலை டீக்கு இதே பேச்சுத்தான். ஒருவழியாக மாறிவிடலாம் என்று முடிவெடுத்த அன்று ஆடி பிறந்துவிட்டது.

"ஆடில போயி ஊட்டுப் பத்தரத்தைக் கை மாத்துவாங்களா அம்மணி?" என்றார்.

"வட்டிக்கு ஆடி தெரியுமாங்க?"

"ஆடி பதினெட்டு இருக்குதல்லொ. அன்னைக்குத் தொட்டது பெருகும்."

"கடனுமா பெருகோணும்?" என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் அசையவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் வேலை நடக்காது. எனக்கும் உள்ளுக்குள் ஆடியை மீற தைரியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு ஆடி பதினெட்டுக்கு மறுநாள்தான் என்று தெரிந்ததும் இருவருக்கும் நிம்மதி. அன்று எனக்கு உள்ளூர் விடுமுறை, வங்கிக்கோ விடுமுறை இல்லை. இப்படி ஒரு பொருத்தம் அமையுமா என்று மகிழ்ந்துபோனோம்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், ஆடி பதினெட்டு அன்று பவானிப் பாலத்தில் என்ன நடக்கும் என்பதை எப்படி மறந்தோம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பாலத்துக்கு முன்பே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நடந்தோம். கூடுதுறைக்குப் போகும் கூட்டமும் குளித்துவிட்டுத் திரும்பும் கூட்டமும் பாலத்தின் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. இவருக்கு இரண்டு வருடம் முன்புதான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நெருக்கித் தள்ளிக்கொண்டு போக முடியாது. காகிதங்கள் இருந்த மஞ்சள் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தார். ஓர் இடத்தில் கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கினோம்.

கீழே ஆறு செம்மண் நிறத்தில் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. யார் யாரோ விட்ட பூவும் காதோலைக் கருகமணியும் சுழித்துச் சுழித்துப் போயின. பார்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் நின்றுவிட்டது போலவும் பாலம்தான் எங்களைத் தூக்கிக்கொண்டு மேட்டூர்ப் பக்கம் மிதப்பது போலவும் இருந்தது. ஈரத் தலையோடு போன பெண்களிடமிருந்து மஞ்சள் வாசம் வந்தது. இவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. வங்கி, வட்டி, அறுபத்தைந்து எதுவும் எனக்கு நினைவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, அவரும் கூப்பிடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வங்கியில் பாதிக் கதவு இறக்கியிருந்தது. அதிகாரி கிளம்பிவிட்டார் என்று காவலாளி சொன்னார். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் அறிவிப்பு வந்துவிட்டது. வட்டி ஏறியது. பவானி வங்கியும் தன் வட்டியை ஏற்றிவிட்டது. புது வட்டியில் மாறினால் செலவுக்கே கட்டுப்படியாகாது.

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் பழைய வங்கிக்கே போய், காலம் நீளாமல் இருக்க வேறு வழி உண்டா என்று கேட்டேன். உண்டாம். தவணையைக் கூட்டிக் கட்டுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதுமாம். இதைக் கேட்காமல்தான் நான் ஆற்றைத் தாண்டிப் போயிருக்கிறேன். மறுபடி வட்டி ஏறினால் மறுபடி எழுதிக் கொடுக்கவேண்டும். கூட்டவேண்டிய தொகை நாங்கள் மாடிக்காக மாதாமாதம் கட்டிய சீட்டுப் பணத்துக்கு ஏறக்குறைய சரியாக இருந்தது. அந்தச் சீட்டு அடுத்த மாதம் முடிகிறது. எடுக்கும் பணத்தை ஆஸ்பத்திரிக்கென்று வைத்துவிட்டு, புதுச் சீட்டு போடாமல் இருந்தால் தவணைக்கு ஆகும். மாடி வராது. அன்று மதியக் கிறக்கத்தில் மேற்கு ஜன்னலை நானே சாத்திவிட்டு வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலத்தை முழுசும் கொறைக்கோணுமா அம்மணி? ரெண்டு வருசமாச்சும் உட்டு வையேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எதுக்குங்க? கடன் கட்டறதுல அத்தனை ஆசையா?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "பேங்க்குல குடுத்த அந்தக் கடுதாசில நம்ம ரெண்டு பேர் பேரும் போட்டு, உன்ற அறுவத்தஞ்சு வரைக்கும் தேதி இருந்துச்சு பாரு. அப்ப எனக்கு எழுவது தாண்டியிருக்கும். டாக்டர்கூட எனக்கு அத்தனை வருசம் சொல்லுல."

விவரம் தெரிந்த பிறகும் அவருக்குக் கோபமே வராதது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் போட்டேன்.

"இருக்கறதுக்குக் கடன் எதுக்குங்க? சும்மா இருங்க. தேதியில்லாம இருங்க."

கடிதத்தில் அறுபது என்றே எழுதி அவர் பக்கம் தள்ளினேன். அவர் கையெழுத்துப் போட வெகுநேரம் எடுத்துக்கொண்டார். நான் அவசரப்படுத்தவில்லை.