மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு போன்

ஜோதிகா ஜப்பானுக்குப் போகிறாள் என்று தெரிந்தபோது எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் பலர் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார்கள். துபாய் தெரியும், மஸ்கட் தெரியும். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் ஊரிலேயே நாலு பேர் இருந்தார்கள். ஆனால் கல்யாணம் ஆகாத ஒரு பெண் தனியாகக் கிளம்பிப் போவது அங்கே அதுதான் முதல் தடவை. அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது.

அப்பா தாமோதரனுக்கு ஒரு ஃபைபர் படகு. கடல் ஒத்துழைத்தால் கடலுக்குப் போவார், இல்லாவிட்டால் முகத்துவாரத்திலேயே இறாலுக்கு வலை போடுவார். அம்மா மங்கை திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்பாள். தம்பி திலீப் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். ஜோதிகா பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ராயபுரத்தில் இறால் உரித்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வை வேலையில் இருந்தாள். வியாசர்பாடியில் மாலையில் ஜப்பான் மொழி சொல்லித் தருகிறார்கள் என்று அங்கேதான் கேள்விப்பட்டாள். சும்மா போய்ப் பார்க்கலாம் என்று போனவள், பக்கத்தில் உட்கார்ந்த சங்கமித்ராவோடு தோஸ்தாகி, ஒன்றரை வருஷத்தில் மொழித் தேர்வையும் வேலைத் தேர்வையும் தேறிவிட்டாள். சங்கமித்ராவும் தேறினாள். ஆனால் உடம்பு முடியாத அம்மாவை விட்டுப் போக மனசில்லாமல், அதே வகுப்பில் பாடம் சொல்லித் தர நின்றுவிட்டாள்.

ஜோதிகாவுக்கு நீகாட்டா பக்கத்தில் ஒரு சிற்றூர், மதியச் சாப்பாட்டு டப்பாக்கள் தயாரிக்கும் தொழிற்சாலை. ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட்டின் ஓரத்தில் நின்று, கடந்து போகிற ஒவ்வொரு டப்பாவிலும் தனக்கு ஒதுக்கிய பண்டத்தை வைக்க வேண்டும். ஒரு நாள் மீன் துண்டு, ஒரு நாள் முட்டைச் சுருள், ஒரு நாள் ஊறுகாய் இஞ்சி. தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

வேலை அவளுக்குக் கஷ்டமாக இல்லை. மற்றவைதான் படுத்தின. அனல் மின்நிலையத்தின் இரைச்சலும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரனும் கேட்டே வளர்ந்தவளுக்கு அந்த ஊரின் அமைதி பயத்தைக் கொடுத்தது. தெருவில் ஆள் நடந்தால் செருப்புச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து கொண்டுபோன நெத்திலிக் கருவாட்டை வறுத்தாள். மறுநாளே குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில், சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று ரொம்ப மரியாதையாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மூன்று வேளையும் மீன் தின்கிற ஊரில் இப்படியா என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மிச்சக் கருவாட்டைப் பையோடு கட்டி அலமாரியில் வைத்தாள். அவ்வப்போது திறந்து முகர்ந்து பார்ப்பாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அறைக்கு வருவாள். எண்ணூரில் அப்போது மதியம் ஒன்றரை. அம்மா மார்க்கெட்டிலிருந்து திரும்பி, அப்பா குளித்துச் சாப்பிட உட்காரும் நேரம். தினமும் அந்த நேரத்துக்கு வீடியோ கால். அப்பாதான் போனைக் கையில் பிடிப்பார். பிடித்துக்கொண்டு கரைக்கே நடந்து போவார். இன்று என்ன பட்டது, யார் வலை கிழிந்தது, எந்தப் படகுக்குப் புது எஞ்சின் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். ஜோதிகாவும் தன் அறையைக் காட்டுவாள். காட்டுவது எல்லாம் ஜன்னல் இருக்கும் பக்கத்துச் சுவரை மட்டும்தான். பிலிப்பைன்ஸ்காரியான ஜானட்டோடு ஒரே சின்ன அறையில் தலைமாடு கால்மாடாகப் படுப்பதை அவள் வீட்டில் சொல்லவில்லை. தனி அறை என்றே சொல்லியிருந்தாள்.

அவள் போன பிறகு வந்த முதல் டிசம்பரில்தான் சென்னையில் அந்தப் புயல் அடித்தது.

செய்தியை லாக்கர் அறையில் பார்த்தாள். வீட்டுக்குப் போட்டாள், மணி அடிக்கவில்லை. அம்மா போன், அப்பா போன், திலீப் போன், மூன்றும் அணைந்திருந்தன. மூன்று நாள் அப்படியே இருந்தது. பெல்ட்டில் டப்பாக்கள் வந்துகொண்டே இருந்தன, அவள் கை பண்டத்தை வைத்துக்கொண்டே இருந்தது, மனம் மட்டும் நெட்டுக்குப்பத்தில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியிருக்கும் என்று அளந்துகொண்டிருந்தது. அங்கே இங்கே என்று யார் யாரோ போட்ட வீடியோக்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஒன்றில் முகத்துவாரம் முழுக்க, சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கறுப்பாக மிதந்தது. படகுகளின் அடிப்பாகம் தார் பூசியது போல் இருந்தது.

நாலாம் நாள் அம்மாவின் குரல் கேட்டது. வீட்டில் இடுப்பளவு தண்ணீர் வந்ததாம், பள்ளிக்கூட மாடியில் தங்கினார்களாம், போன்கள் நனைந்துவிட்டனவாம், எல்லோரும் நன்றாக இருக்கிறார்களாம். ஜோதிகா அன்று தொழிற்சாலைக் கழிவறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தாள்.

அதற்கப்புறம் பத்து நாள் வீடியோ கிடையாது. டவர் சரியில்லை என்று அம்மா சொன்னாள். பிறகு வீடியோ வந்தது. ஆனால் போன் இப்போது அம்மாவின் கையில். அப்பா பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருந்தார். சிரித்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார், இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். கரைக்குப் போய்க் காட்டச் சொன்னால், எண்ணெய் நாற்றம், அங்கே என்ன இருக்கிறது பார்க்க என்று அம்மா பேச்சை மாற்றினாள்.

ஒரு நாள் அவர் டீ குடிப்பதைப் பார்த்தாள். இடது கையால் குடித்தார்.

அம்மாவிடம் கேட்டாள். மீன் முள் குத்தி வலது கை வீங்கியிருக்கிறது என்றாள் அம்மா. முள் குத்துவது நடக்கிறதுதான். ஆனால் அடுத்த வாரமும் இடது கை. அதற்கடுத்த வாரமும். துண்டு மடியை விட்டுப் போகவே இல்லை. போனில் எந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்பது ஜோதிகாவுக்குத் தெரிந்த வித்தைதான். தினமும் அவளே செய்கிறாள். அதனால் அங்கே யாரோ எதையோ ஒதுக்குகிறார்கள் என்பது அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. எதை என்பதுதான் தெரியவில்லை. கையா, உடம்பில் ஒரு பக்கமா, பக்கவாதமா? அப்பாவின் வாய் கோணியிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

சங்கமித்ராவைப் போய்ப் பார்த்து வரச் சொன்னாள். வியாசர்பாடியில் அவள் வீட்டிலும் தண்ணீர் புகுந்து அப்போதுதான் வடிந்திருந்தது. இருந்தாலும் போனாள். மாமா நல்லாத்தான் கீறாரு என்று சொல்லி ஒரு போட்டோவும் அனுப்பினாள். அப்பா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. அந்தப் போட்டோ வந்த பிறகு ஜோதிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா ஒரு நாளும் அப்படிக் கை கட்டி நின்றவர் இல்லை.

வேலையில் தவறுகள் வந்தன. ஒரு நாள் வரிசையாக நாற்பது டப்பாக்களில் இஞ்சியே வைக்காமல் விட்டிருந்தாள். பெல்ட்டை நிறுத்தி எல்லாவற்றையும் திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று. மேற்பார்வை செய்யும் அம்மாள் திட்டவில்லை. வீட்டில் ஏதாவதா என்று கேட்டாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று ஜோதிகா சொன்னதும், இரண்டு நாள் ஓய்வெடு என்று அனுப்பிவிட்டாள். அறையில் சும்மா கிடந்தது இன்னும் மோசமாக இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஜானட்டும் ஜோதிகாவும் பேசிக்கொள்வது இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஜப்பான் மொழியில். அன்று ஜானட் தன் கதையைச் சொன்னாள். அவளுடைய அப்பா ஆறு மாதம் படுக்கையில் இருந்ததை வீட்டில் மறைத்துவிட்டார்களாம். அடக்கத்துக்கு முதல் நாள்தான் அவளுக்குச் சொன்னார்களாம். அம்மாவைக் கேட்காதே, அவரையே கேள் என்றாள் ஜானட்.

ஒன்றரை மணிக்குப் போட்டால் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எண்ணூரில் காலை பதினோரு மணியாகும் நேரம் பார்த்து, திலீப்பின் போனுக்கு வீடியோ போட்டாள். வகுப்பில் இருக்க வேண்டியவன் எடுத்தான். தலைக்குப் பின்னால் படகு, தோளில் வலை, முகமெல்லாம் உப்பு. அவளைப் பார்த்ததும் வலையைத் தோளிலிருந்து இறக்கினான். அவனை அவள் ஒன்றும் கேட்கவில்லை. போனை நைனாவிடம் கொடு என்று மட்டும் சொன்னாள்.

அப்பாவின் முகம் வந்தது.

"ரெண்டு கையையும் காட்டு நைனா."

"இன்னாமா இந்நேரத்துல? வேலைக்கிப் போவலியா?"

"கையக் காட்டு."

அவர் திலீப்பிடம் போனைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் இல்லை. தையல் போட்ட இடம் சிவந்து பளபளவென்றிருந்தது.

அம்மா அவளிடம் போனில் பேசிய மறுநாள் நடந்தது என்று அவரே சொன்னார். படகைக் கரைக்கு இழுத்தபோது கயிறு முழுக்க எண்ணெய். வழுக்கிவிட்டது. படகு திரும்பி வந்து கரைக் கல்லோடு மோதியதில் கை நடுவில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். அந்த நாட்களில்தான் டவர் இல்லை என்று அம்மா சொன்னது. சங்கமித்ராவிடம் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். படகை இப்போது திலீப் பார்த்துக்கொள்கிறான். காலேஜுக்குப் போவதில்லை.

"ஏன் நைனா சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? எல்லாத்தையும் உட்டுட்டு ஓடியாந்துருவ. விரலு போனது போனதுதான். நீயும் வந்து குந்திக்கினு அழுவணுமா?"

"தெரியாம கீறதுதான் நைனா பேஜாரா கீது. நீ செத்துப்பூட்டியோன்னுகூட நெனச்சேன்."

ஜோதிகா அழுகையை அடக்கிக்கொண்டு, தன் போனைத் திருப்பி அறை முழுவதையும் சுற்றிக் காட்டினாள். சுவரோரம் மடித்த இரண்டு மெத்தைகள், கயிற்றில் காயும் துணிகள், ஒரே அடுப்பு, மூலையில் உட்கார்ந்து கை அசைத்த ஜானட். தனி ரூமுன்னு சொன்னியே என்றார் அப்பா. நானும் பொய்தான் சொன்னேன் என்றாள் அவள். அன்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். நடுவில் மங்கை மார்க்கெட்டிலிருந்து வந்து சேர்ந்து, திலீப்பைத் திட்டிவிட்டு, பிறகு அவளும் அழுதாள்.

மார்ச்சில் பத்து நாள் லீவு கிடைத்தது. வந்தாள். படகின் பக்கவாட்டில் கறுப்பு இன்னும் போகவில்லை. அப்பாவின் கையை முதல் நாள் அவளால் தொட முடியவில்லை. இரண்டாம் நாள் தொட்டுப் பார்த்தாள். காலைக் குளிரில் குடைகிறது, மற்றபடி வலி இல்லை என்றார். சங்கமித்ரா பார்க்க வந்தபோது ஜோதிகா ஒரு மணி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சத்தியம் பண்ணிட்டேன்டி, இன்னா பண்ணச் சொல்ற என்று அவள் கேட்டபோது மனசு இளகிவிட்டது. திலீப் ஜூனில் மறுபடி காலேஜுக்குப் போக வேண்டும் என்பதில் மட்டும் ஜோதிகா யார் பேச்சையும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு வேலப்பன் படகைத் தன் ஆட்களோடு ஓட்டிக்கொள்ளச் சம்மதித்தார். அப்பா கரையில் நின்று மீன் ஏலம் கூற ஆரம்பித்தார். அவருக்குக் கணீரென்ற குரல். விரல் இல்லாத குறை அதில் தெரியாது.

ஊரிலேயே இருந்துவிடலாமா என்று அந்தப் பத்து நாளும் அவளுக்குள் ஓடியது. இரு என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடைசி நாள் காலையில் பெட்டியைக் கட்டினாள். விமானத்தில் உட்கார்ந்ததும், போனை அணைக்கும் முன் எண்ணூர் வானிலையை ஒரு தடவை பார்த்தாள். மறைப்பது இனிமேல் கிடையாது என்று பேசிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் தெரிந்துகொண்டே தூரத்தில் இருப்பதும் லேசானதல்ல என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது அவளுக்கு மூன்றாவது வருஷம். திலீப் பரீட்சை முடித்துவிட்டான். நீகாட்டாவில் வெயிலா பனியா என்று அவள் பார்ப்பதில்லை, எண்ணூர் வானிலையைத்தான் பார்க்கிறாள். போன மாதம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததும், காலையில் உடுப்பு மாற்றும் முன்பே மூன்று தடவை வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். மூன்றாவது தடவை அப்பா எடுத்தார்.

"மயை வந்தா வந்துச்சின்னு சொல்றேன். வூட்ல தண்ணி ஏறுனா ஏறுச்சின்னு சொல்றேன். எதயும் மறைக்க மாட்டேன். நீ ஒயிங்கா வேலயப் பாரு."

சரி என்றாள். உள்ளே போக மணி அடித்தது. போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். பூட்டிய பிறகும் கதவில் கை வைத்தபடி கொஞ்சம் நின்றாள். பிறகு முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு பெல்ட்டுக்குப் போனாள். அன்று எண்ணூரில் மழை பெய்ததா இல்லையா என்று சாயங்காலம் ஐந்து மணி வரை அவளுக்குத் தெரியாது.