உள் கம்ப்யூட்டரில் அழிந்த சொல்

என் மனைவி அதற்கு வைத்த பெயர் உள் கம்ப்யூட்டர். விர்ச்சுவல் மெஷின் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அது அவள் வாயில் நுழையவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்று. ஜன்னலைத் திறந்தால் இருக்கிறது, மூடினால் போய்விடுகிறது. யோசித்துப் பார்த்தால் அவள் வைத்ததுதான் சரியான பெயர்.

கடலூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் லினக்ஸ் வைத்திருக்கிறேன். என் வேலைக்கு அதுதான் தோது. அவளுக்கோ பழைய விண்டோஸ் வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்தவள். அங்கே பழகிய சாஃப்ட்வேரும் தமிழ் எழுத்தும் புது சிஸ்டம் எதிலும் ஓடாது. அந்த எழுத்தில் தமிழுக்குத் தனி விசை கிடையாது. இங்கிலீஷ் எம் தட்டினால் அ வரும், கே தட்டினால் ம வரும். அதெல்லாம் அவள் விரலுக்கு மனப்பாடம். அதனால் பழைய விண்டோஸை உள் கம்ப்யூட்டராகப் போட்டுக் கொடுத்தேன். வீட்டிலிருந்தே அந்த பிரஸ்ஸுக்கு அடித்து அனுப்புகிறாள். "உங்க வீட்டம்மா அடிச்சா ப்ரூஃப் பாக்கவே வேணாம் சார்" என்று பிரஸ்காரர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

போட்டுக் கொடுத்ததோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். என்னால் முடியாது. அதற்கு ராம் மெமரி போதவில்லை என்று பாதியை எடுத்துக் கொடுப்பேன். வெளியே இருக்கும் சிஸ்டம் திணறும். உடனே குறைப்பேன். ஜன்னல் திறக்க ஒரு நொடி கூடுதலாக ஆனாலும் எனக்குப் பொறுக்காது. பிராசஸரைக் கூட்டு, கிராஃபிக்ஸை மாற்று என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பேன். "அது பாட்டுக்கு ஓடுது. ஏன் அதப் போட்டு நோண்டிக்கிட்டே இருக்கீங்க?" என்பாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் நேர் வாரிசு நான்.

நோண்டுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைப்பது வழக்கம். உள் கம்ப்யூட்டர் அந்த நிமிஷத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே பிடித்து வைப்பது. பிறகு ஏதாவது கெட்டுப்போனால் அதற்குத் திரும்பிக்கொள்ளலாம். "கம்ப்யூட்டருக்கே போட்டோவா?" என்று சிரித்தாள். ஆமாம், ஆனால் அந்தப் போட்டோவுக்குத் திரும்பினால் அதற்குப் பிறகு நடந்தது எதுவும் இருக்காது. அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

இந்த வருஷம் அவள் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையைத் தானே அடிப்பதாகச் சொன்னாள். மாமனார் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்க்ரீனிலேயே ஒவ்வொரு வரியாகப் படித்தார். தன் பெயருக்குப் பக்கத்தில் தலைமை எழுத்தர், ஓய்வு என்று போடச் சொன்னார். "ஓய்வுன்னு கட்டாயம் போடும்மா. இல்லன்னா இன்னும் வேல செய்றேன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்றார். அவர் கிளம்பிய பிறகு நான் எதற்கோ ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன்.

அடுத்த வாரம் மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டார்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். காரியம் முடிந்து கடலூர் வந்ததும் அவள் பத்திரிகையைத் திறந்தாள். மாற்ற வேண்டியது அதிகமில்லை. அப்பா பெயருக்கு முன்னால் இருந்த திருவை எடுத்துவிட்டு அமரர் என்று அடிக்க வேண்டும், கீழே அழைப்பவர் இடத்தில் அம்மா பெயரைப் போட வேண்டும். திறப்பாள், பார்த்துக்கொண்டே இருப்பாள், மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்படியே பல நாள் போனது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து அடித்து முடித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சு" என்றாள். மறுநாள் காலையில் அம்மாவுக்குத் துணையாக இருக்கச் சிதம்பரம் கிளம்பினாள்.

அவள் பஸ் ஏறியதும் நான் உள் கம்ப்யூட்டரில் கை வைத்தேன். அவள் திரும்பி வரும்போது அது பறக்கும் வேகத்தில் ஓட வேண்டும் என்று ஆசை. அதில் ஸ்க்ரீனை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு வேறு போட்டேன். அது கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. நோண்டுவதற்கு முன் புதிதாக ஸ்னாப்ஷாட் எடுக்கவில்லை, டிஸ்க்கில் இடமில்லை. அந்த நேரம் பார்த்து அவளிடமிருந்து போன். "பிரஸ்காரரு கேக்குறாரு. ஃபைலு டெஸ்க்டாப்லயே இருக்கு. அனுப்பி விட்டுடுங்க." அவசரத்தில் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன். உள் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. டெஸ்க்டாப்பில் அதே பெயரில் ஃபைல் இருந்தது. திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பினேன். சரிசெய்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

அச்சான கட்டுகள் மாமியார் வீட்டுக்கு வந்த அன்று நானும் சிதம்பரத்தில் இருந்தேன். மாமியார் முதல் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மாமனார் படத்துக்கு முன்னால் வைத்தார். சின்ன மாமனார் இன்னொன்றை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தவர், நடுவில் நின்றார். தன் அண்ணன் பெயருக்கு முன்னால் திரு என்று போட்டிருந்தது. கீழே, அன்புடன் அழைக்கிறேன் என்பதற்குக் கீழும் அண்ணன் பெயர். தலைமை எழுத்தர், ஓய்வு.

"ஏம்மா, பெத்த அப்பன் செத்தது கூடவா ஒனக்கு மறந்துபோச்சு?" என்றார் என் மனைவியைப் பார்த்து.

அவள் பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். மாமியார் மட்டும், "உடுங்க, புள்ள என்னா நெலமையில இருந்துச்சோ" என்றார். எனக்கு அந்த நொடியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. நான் திரும்பிய ஸ்னாப்ஷாட் மாமனார் வந்துபோன அன்று எடுத்தது. கையில் காபி டம்ளரோடு நின்றேன். நான்தான் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். வீடு நிறையச் சொந்தக்காரர்கள், ஸ்னாப்ஷாட் என்றால் யாருக்குப் புரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு காபியைக் குடித்தேன். வெட்கமாக இருக்கிறது, அந்தக் காபியை முழுசாகக் குடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முட்லூர் தாண்டியதும் பேசினாள். "மாத்துனேன்னுதாங்க நெனச்சேன். அடிச்சது கண்ணுக்குள்ளயே நிக்குது. மாத்துன மாதிரி நானா நெனச்சுக்கிட்டேன் போல." பிறகு, "எனக்கு மண்டைல ஏதோ ஆயிடுச்சுங்க" என்றாள். பக்கத்தில் இருந்த என்னால் அப்போதும் சொல்ல முடியவில்லை. கோழை என்பதற்கு வேறு அகராதி வேண்டாம்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் அவள் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனாள். தான் மறந்ததைத் தானே திருத்தி, மறுபடி அச்சடிக்கக் கொடுக்கப் போகிறாள். நாற்காலியை இழுத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. சொன்னேன். கறுப்புத் திரை, பழைய ஸ்னாப்ஷாட், திறக்காமல் அனுப்பியது, எல்லாவற்றையும்.

திட்டுவாள் என்று நின்றேன். "அப்ப நான் மறக்கல" என்றாள்.

"மறக்கல."

"அங்க சித்தப்பா கேக்கும்போதே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "இந்த வாட்டி நீங்க அடிங்க. அத ரெண்டு தடவ என்னால அடிக்க முடியாது."

உட்கார்ந்தேன். திருவை அழித்தேன். அதற்குமேல் எனக்கு ஒரு விசைகூடத் தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் சொல்லிக்கொடுத்தாள். "எம். கே. யூ. இன்னொரு யூ." தட்டத் தட்ட எழுத்து எழுத்தாக வந்தது. "செமிகோலன். அது புள்ளி." புள்ளி விழுந்தது. மாமனார் பெயருக்கு முன்னால் அமரர் என்று நின்றது. அவள் இதைத் தனியாக உட்கார்ந்து அடித்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கீழே அழைப்பவர் இடத்தில் மாமியார் பெயரைப் போட வைத்தாள். சேவ் பண்ணச் சொன்னாள். பிறகு தன் போனில் ஒரு எண்ணைத் தட்டி, மணி அடிக்க ஆரம்பித்ததும் என் கையில் கொடுத்தாள்.

மறுமுனையில் சின்ன மாமனார், "என்னம்மா?" என்றார்.

"நான்தான் பேசுறேன் மாமா" என்றேன். "அவ மறக்கல. அவ சரியாத்தான் மாத்தி அடிச்சிருந்தா. நான்தான் அழிச்சிட்டேன்."