ஓரகத்தி நீவிய கை

அறந்தாங்கியில் ஒரு வளைகாப்பு. வளையல்காரர் பெண்ணுக்கு அடுக்கி முடித்துவிட்டு, வந்திருந்த பெண்களுக்கெல்லாம் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார். என் வலது கையில் பச்சையும் சிவப்புமாக ஏற்றிவிட்டு, இன்னொரு கையைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நல்ல காரியத்தில் ஒருத்தி ஒரு கையை மூளியாக வைத்துக்கொண்டிருந்தால் எத்தனை கண்கள் திரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை. புருஷன் சவுதியில் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இவளுக்கு என்ன வந்தது என்று ஒருத்தி, என் காதில் விழும்படியாகவே கேட்டாள்.

எனக்கு வந்தது புற்றுநோய். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து. எல்லாச் சிகிச்சையும் முடிந்த பிறகு பிசியோதெரபி பார்க்கும் டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார்: கையில் நீர் வடிகிற வழி பாதி அடைபட்டுவிட்டது, கவனிக்காவிட்டால் கை வீங்கும், வீங்கிய கை லேசில் பழையபடி ஆகாது. அதனால் அந்தக் கையில் வளையல் கூடாது, ஊசி கூடாது, குடம் தூக்கக் கூடாது. தினமும் பயிற்சியும் மசாஜும் வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மார்பு போனதைச் சேலை மறைத்துவிடும். கை வீங்கினால் எதை வைத்து மறைப்பது? அந்தப் பயம் எனக்கு நோயைவிடப் பெரிதாக இருந்தது.

வளையல்காரர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. "அவ கைக்கு உள்ளதையும் சேத்து எனக்குப் போட்டு விடுங்க" என்றார் என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

என் கைக்குத் தினமும் மசாஜ் வேண்டும் என்று யார் மூலமாகவோ கேள்விப்பட்டு, மறுநாள் காலையில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றார். மசாஜ் என்றால் நம் பக்கத்தில் சுளுக்கு எடுப்பதுதானே. என் கையை மடியில் போட்டுக்கொண்டு ஓர் உருவு உருவினார், உயிரே போய்விட்டது. எண்ணெய் வேண்டாம், அழுத்தவே கூடாது, முதலில் கழுத்து, பிறகு அக்குள், கடைசியாகத்தான் கை, தோல் மட்டும் லேசாக நகர்ந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னதை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். "இதுக்குப் பேரு மசாஜாக்கும்? புள்ளையத் தூங்க வைக்கிற மாதிரியில்ல இருக்கு" என்று சிரித்தார்.

அதன்பிறகு அவர் வராத நாள் இல்லை. சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றுவது ஒரு பயிற்சி. எந்தச் சுவரால் முகம் கொடுக்காமல் இருந்தோமோ அதே சுவரில்தான் அதைச் செய்தேன். தோள் வலித்துப் பாதியில் நின்றால், எங்க வீடு தெரிகிறவரைக்கும் ஏறு என்பார். மற்றபடி பேச்சு அதிகம் இருக்காது. முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, என் கை எட்டாத இடம் ஒன்று உண்டு. அங்கேயும் நீவி விடுவார். என் தழும்பைப் பார்த்து அவர் முகம் ஒரு நாளும் மாறியதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வைத்தியத்துக்காக அல்லாமல் என்னைத் தொட்ட கை அது ஒன்றுதான். மசாஜும் வைத்தியம்தானே என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

பிறகு சென்னையில் ஓரகத்தி அக்காவின் மகனுக்குப் பிள்ளை பிறந்தது. அக்கா அங்கே போய்த் தங்கிவிட்டார். அடுத்த கொஞ்ச நாளில் என் கணவர் சவுதியை முடித்துக்கொண்டு ஊரோடு வந்தார். நல்ல மனிதர். மசாஜ் செய்து விடச் சொன்னபோது ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ரவிக்கையைக் கழற்றியதும் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பிய முகத்தோடேயே கடைசி வரை நீவினார். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மறுநாள் நான் கேட்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நானே செய்துகொள்கிறேன். கை இதுவரை வீங்கவில்லை. டாக்டரம்மா டேப் வைத்து இரண்டு கைகளையும் அளந்துவிட்டு, யாரோ நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று பாராட்டுகிறார். நானும் தலையாட்டிவிட்டு வருகிறேன். முதுகை மட்டும் விட்டுவிடுகிறேன்.

போன வாரம் அக்கா போன் செய்தார். கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

"முதுகுக்கு யாரு?"

"அதான் அவரு வந்துட்டாருல்லக்கா."

பக்கத்து அறையில் இவர் டிவியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்துச் செய்யுறாரா?" என்றார் அக்கா.

பக்குவமாகச் செய்கிறாரா என்றுதான் கேட்டார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"பாத்துத்தான்க்கா செய்யுறாரு" என்றேன்.