மேற்குன்னா மேலே, கிழக்குன்னா கீழே

விமானத்துக்குத் தானாகப் பின்னால் வரத் தெரியாது. இது பல பேருக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு திமிர், ஆனாலும் வாசலை விட்டு நகர வேண்டுமென்றால் ஒரு குட்டை வண்டி வந்து மூக்கைப் பிடித்துத் தள்ளியாக வேண்டும். அந்தக் குட்டை வண்டியை ஓட்டுகிறவன்தான் நம்ம ஆள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவனுக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருமுறை ஆபீஸுக்குப் போன் செய்த அவன் அம்மாவே, "ரிவர்ஸ் இருக்கானா?" என்று கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் தள்ளிவிட்டு, தினமும் அண்ணாந்து பார்த்து, அவனுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. பின்னால் தள்ளினது போதும், ஒரு தடவையாவது முன்னால் போகணும். லீவு நாட்களில் பறக்கக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் போய்ச் சேர்ந்தான். ஆகாயத்தில் அவன் தங்கம். வில்லங்கமெல்லாம் தரையில், நாற்காலியில், பரீட்சை அறையில். சட்டம் பாஸ். வானிலை பாஸ். இன்ஜின் பாஸ். வழி கண்டுபிடிக்கிற பாடமான நேவிகேஷன் மட்டும் மூன்று முறை ஃபெயில். குப்புற விழுந்திருந்தாலாவது ஒரு கௌரவம். மூன்று முறையும் ஒன்றிரண்டு மார்க்கில் போனது. கரையேறித் துண்டை எடுக்கும்போது வழுக்கி விழுகிற கதை.

இனி ஒரே ஒரு தடவைதான் பாக்கி. அதிலும் போனால் பாஸான பாடங்களும் செல்லாது. மறுபடி அ, ஆவிலிருந்து ஆரம்பிக்கணும்.

"நான் ஃபெயில் ஆகல. திருத்துறதுலதான் கோளாறு," என்றான் ரிவர்ஸ். சாப்பாட்டு அறையில் இதை அவன் சொல்லாத நாள் கிடையாது.

பெட்டி ஏற்றுகிற வேலையில் இருக்கும் அவன் கூட்டாளி, பெயர் மூட்டை, வாயில் சோற்றோடு கேட்டான். "கம்ப்யூட்டர்தானே மச்சான் திருத்துது?"

"கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? மனுஷன்தானே?"

"அந்த மனுஷனுக்கு உன்மேல என்னடா கோவம்? ஏதாவது பிளேனை இடிச்சு வெச்சியா?"

"தள்ளுறவன் ஓட்டிட்டா நாளைக்கு யாருடா தள்ளுவான்? அந்த பயம்."

"அதுவும் சரிதான். நான் ஓட்டினா பெட்டி யாரு தூக்குவா? அதனாலதான் நான் படிக்கவே இல்ல," என்று மூட்டை அவன் தட்டிலிருந்த முட்டையை எடுத்துக்கொண்டான்.

ரிவர்ஸின் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்வது அவள் வேலை. அவனைப் படிக்கவைத்ததும் அவள்தான். பல் தேய்க்கும்போது கேள்வி, துணி மடிக்கும்போது கேள்வி, அவன் தலையணையில் சாயும்போது கடைசியாக ஒன்று.

நேவிகேஷனில் ஒரு தொல்லை உண்டு. வரைபடத்து வடக்கும் காம்பஸ் ஊசி காட்டுகிற வடக்கும் ஒன்றில்லை. பாகம் பிரித்த அண்ணன் தம்பி மாதிரி கொஞ்சம் விலகியே நிற்கும். அந்த விலகல் சில இடத்தில் மேற்கே, சில இடத்தில் கிழக்கே. எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்று அவன் மண்டையை உடைத்துக்கொண்டபோது அவள்தான் வழி சொன்னாள். "இதுக்குப் போயா? மேற்குன்னா மேலே, கூட்டு. கிழக்குன்னா கீழே, கழி. பேருலயே இருக்குதே!"

அன்றைக்கு அவன் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் கால் பட்டு இஸ்திரிப் பெட்டி விழுந்தது. இஸ்திரிப் பெட்டி போனால் போகட்டும், பாடம் வந்துவிட்டதே.

மூன்றாவது ஃபெயிலுக்குப் பிறகு அவனைவிட அவளுக்குத்தான் சூடு ஏறியது. விடைகளை நேரில் காட்டச் சொல்லி விண்ணப்பம் போட்டவளும் அவளே. "நான் சொல்லிக்கொடுத்தவரு எப்படி ஃபெயில் ஆவாருன்னு கடையில எல்லார்கிட்டயும் சவால் விட்டிருக்கேன். போய் நறுக்குனு நாலு கேள்வி கேட்டுட்டு வாங்க!"

பரீட்சை அலுவலகம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். அங்கே ஒரு மேடம், மேசைமேல் சாமந்திப் பூப் படம் போட்ட தண்ணீர் பாட்டில். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"நீங்க தப்பாப் போட்ட கேள்விங்க மட்டும் வரும் சார். பாருங்க. போட்டோ எடுக்கக்கூடாது."

"தப்பு உங்க பக்கம் இருந்தா?"

"இருந்தா மார்க் போடுவோம். இதுவரைக்கும் இருந்ததில்ல. நீங்க பாருங்க."

பார்த்தான். முதல் கேள்வி: காம்பஸ் கோணம் கொடுத்திருக்கிறார்கள், விலகல் மேற்கு, வரைபடக் கோணம் என்ன? மேற்குன்னா மேலே. கூட்டியிருந்தான். சரியாகத்தானே இருக்கிறது! இரண்டாவது: மறுபடி காம்பஸிலிருந்து வரைபடத்துக்கு, விலகல் கிழக்கு. கழித்திருந்தான். மூன்றாவதும் அதே ஜாதி. நான்காவதைப் பார்த்ததும் மறுபடி முதல் கேள்விக்கே போனான்.

வரைபடத்திலிருந்து காம்பஸுக்குப் போகிற கணக்கு ஒன்றுகூடத் தப்பில்லை. காம்பஸிலிருந்து வரைபடத்துக்குத் திரும்பி வருகிற கணக்கு எல்லாமே தப்பு. போகும்போது கூட்டியதைத் திரும்பி வரும்போது கழிக்க வேண்டாமா? மேற்கு, போகிற வழியில்தான் மேலே. வருகிற வழியில் கீழே. அவளுடைய மந்திரம் ஒருவழிப் பாதை. அவன் அதில் இரண்டு பக்கமும் வண்டி ஓட்டியிருக்கிறான்.

"ஏதாவது ஆட்சேபம் உண்டா சார்?"

"இல்ல மேடம். ஸ்கிரீன் நல்லா தெளிவா இருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் அவனுக்குக் காற்று போதவில்லை. வீட்டில் போய் என்ன சொல்வது? உன் மந்திரத்தால்தான் மூன்று முறையும் மண்ணைக் கவ்வினேன் என்றா? அவள் தினமும் இரவு சொக்கிவிழும் கண்ணோடு கேள்வி கேட்டவள். திருத்தினவனைத் திட்டுவது சுலபம், அவன் முகம் தெரியாது. இவள் முகம் தெரியும்.

கதவைத் திறந்ததுமே, "என்னாச்சு?" என்றாள்.

"அவங்க ஒத்துக்கல."

"ஒத்துக்கமாட்டாங்களே! நாளைக்கு நான் வர்றேன். அந்தம்மாவை உட்கார வெச்சு அடிவரிசை வரைக்கும் படிக்கவைக்கிறேன். சரி விடுங்க, கடைசி வாய்ப்பை விடக்கூடாது. இப்பவே ஆரம்பிக்கலாம். மேற்குன்னா?"

அவன் சாத்தின கதவை இன்னொரு தடவை சாத்தினான்.

"மேற்குன்னா?"

"வேற ஏதாவது கேளேன்."

"என்னங்க இது, புதுசா? மேற்குன்னா என்ன?"

மேலே என்றால் பரீட்சை போச்சு. கீழே என்றால் அவள் முகம் போச்சு. அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அவள் சமையலறைக்குள் போனாள். பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது. பிறகு கரண்டியோடு வெளியே வந்தாள்.

"எங்க கடைக்கு வர்றவங்களும் இப்படித்தான். கண்ணு தெரியலன்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. போர்டுல எழுத்து சரியில்லம்பாங்க. நீங்க சொன்னீங்க, நானும் கூடச் சேர்ந்து ஜால்ரா போட்டேன்."

"தப்பு என்னோடதுதான்டி..."

"பின்ன யாரோடதாம்? நான் போற வழியைச் சொன்னேன். பிளேனை இழுத்துட்டுப் போறப்ப ஸ்டீயரிங்கை எப்படித் திருப்புவீங்களோ, தள்ளுறப்பவும் அப்படியேவா திருப்புவீங்க?"

"ஐயோ, அப்படித் திருப்பினா மூக்கு உடைஞ்சிடும்."

"அது தெரியுதுல்ல? ஊரே ரிவர்ஸுன்னு கூப்பிடுது. காகிதத்துல மட்டும் ரிவர்ஸ் மறந்துபோச்சா?" கரண்டி அவன் மூக்குக்கு நேராக வந்து நின்றது. "போறப்ப?"

"மேற்குன்னா மேலே."

"வர்றப்ப?"

"ரிவர்ஸ்."

"சத்தமா!"

"ரிவர்ஸ்!"

பக்கத்து வீட்டுக்காரர், யாரோ தன்னுடைய காரை நகர்த்தச் சொல்கிறார்கள் என்று நினைத்து வெளியே வந்து எட்டிப்பார்த்தார்.

நான்காவது பரீட்சை முடிந்ததும் அதே சாமந்தி பாட்டில் மேடம்தான் ரிசல்ட்டை நீட்டினார். பாஸ். சாதாரண பாஸ் இல்லை, தொண்ணூற்றுக்கு மேல். ரிவர்ஸ் அதைப் படித்தான், தலைகீழாகத் திருப்பியும் ஒருமுறை பார்த்தான். வாழ்நாளில் எந்தப் பாடத்திலும் அவன் இந்த உயரத்துக்குப் போனதில்லை. போனை எடுத்தான்.

"ஏய், எனக்கெல்லாம் இவ்வளவு வராது. திருத்துறதுல ஏதோ கோளாறு. எதுக்கும் ஒருதடவை மேடத்துகிட்ட கேட்டுடட்டுமா?"

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளா, சளியா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வாயைத் திறந்தீங்கன்னா தெரியும்," என்றாள். "போனைப் பையில வெச்சுட்டு அப்படியே பின்னாலயே நடந்து வெளிய வாங்க. அதுலதான் நீங்க கெட்டிக்காரராச்சே."