சால்வை அக்கா கைலி கட்டிய நாள்

எங்கள் சர்ச் பங்கில் எனக்குச் சால்வை அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குக் கோவில் வாசலில் ஒரு கூடையோடு நிற்பேன். கூடை நிறையச் சால்வைகள், எல்லாம் நானே துவைத்து மடித்தவை. கையில்லாத ரவிக்கை, முதுகில் ஜன்னல் வைத்த ரவிக்கை, முட்டிக்கு மேலே நிற்கிற கவுன், எது படியேறி வந்தாலும் ஒரு சால்வையை எடுத்துச் சிரித்த முகமாக நீட்டுவேன். "போட்டுக்கம்மா, உள்ள ஃபேன் காத்து ரொம்பக் குளிரு" என்பேன். பினாங்கு வெயிலில் ஃபேன் காற்று குளிரும் என்றால் யார் நம்புவார்கள்? யார் மனமும் நோகாமல் சொல்கிறேன் என்று நான் ஒருத்திதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வேலையை ஃபாதர் எனக்குக் கொடுக்கவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுப் பெண்கள் முக்காடு போடாமல் பூசையில் நன்மை அப்பம் வாங்க மாட்டார்கள். அந்த முக்காடு எப்போது தலையிலிருந்து தோளுக்கு இறங்கியது, எப்போது தோளிலிருந்தும் காணாமல் போனது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தோளோடாவது நிறுத்தி வைப்போமே என்று பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் அதிகாரம் பிடிக்கும் என்பதும் உண்மைதான்.

பங்குத் திருவிழா அன்று வாசலில் நல்ல கூட்டம். என் கை கூடைக்கும் ஆளுக்கும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பச்சை நிறத்தில் கையில்லாத சட்டை ஒன்று படியேறி வந்தது. கை தானாக நீண்டது, சிரிப்பு தானாக வந்தது, ஃபேன் காற்று வசனமும் தானாக வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். என் மகள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், அங்கேயே வாடகைக்கு இருக்கிறாள். என் ஒரே பிள்ளை. சால்வையை வாங்கினாள், என்னை ஒருமுறை பார்த்தாள், மடிப்புக் கலையாமல் அதைத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். பின்னால் நின்ற ஜனமெல்லாம் பார்த்தது. அதற்குப் பிறகு நாலு மாதம் என்னோடு பூசைக்கு வரவில்லை. போன் மட்டும் தவறாது. சாப்பிட்டாச்சா, மருந்து போட்டாச்சா என்று நர்ஸ் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அவள் உட்காரும் இடத்தில் என் கைப்பையை வைத்துக்கொண்டு பூசை பார்த்தேன். எனக்கு அவள் திரும்ப வந்து பக்கத்தில் உட்கார வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது. வாயைத் திறந்து கேட்கத்தான் வீம்பு விடவில்லை.

இந்த நேரம் பார்த்து என் அடையாள அட்டையின் சிப் செத்துப்போனது. வங்கி இயந்திரம் அதைத் துப்பித் துப்பித் தள்ளியது. நானோ குளியலறையில் விழுந்து முட்டியில் பெரிய கட்டுப் போட்டிருந்தேன். கட்டுக்கு மேல் கால்சட்டை ஏறவில்லை, சேலை கட்டினால் தடுக்கியது. வேறு வழியில்லாமல் ஒரு கவுனைப் போட்டுக்கொண்டேன். மகள் அரை நாள் லீவு எடுத்துப் பாலம் தாண்டி வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டாள். வழியில் பேசிவிடலாம் என்று மனசுக்குள் ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். கடைசியில் ஜார்ஜ் டவுன் நெரிசலைப் பற்றி மட்டும்தான் பேசினேன்.

அட்டை மாற்றும் அரசாங்க அலுவலக வாசலில் காவலுக்கு ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். என் முட்டியைப் பார்த்தாள்.

"கோவிச்சிக்காதீங்கம்மா. முட்டி தெரியுது லா, உள்ள விட மாட்டாங்க."

அது முட்டி இல்லை, கட்டு என்றேன். கட்டுக்குள்ளே முட்டிதானே இருக்கிறது என்று அவள் நியாயமாகவே கேட்டாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு கைலியை எடுத்துச் சிரித்த முகமாக நீட்டினாள்.

"கட்டிக்குங்கம்மா, உள்ள ஏர்கான் ரொம்பக் குளிரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபேன் இருந்த இடத்தில் ஏர்கான், மற்றபடி அச்சு அசலாக என் வசனம். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கும் வாய் இருக்கிறது. இவ்வளவு இனிப்பாகச் சிரிக்கிறவளை என்ன செய்வது? பக்கத்தில் என் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

நீலக் கட்டம் போட்ட ஆம்பளைக் கைலி அது. வாழ்க்கையில் எத்தனையோ கைலி துவைத்திருக்கிறேன், ஒன்றுகூடக் கட்டியதில்லை. கவுனுக்கு மேலே அதைச் சுற்றி ஒரு கையால் பிடித்தபடி நொண்டி நொண்டிப் போய் நாற்காலி வரிசைக்கு முன்னால் நின்றேன். அங்கே உட்கார்ந்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவருக்கு மனசு பொறுக்கவில்லை. சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவராம். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வலப்பக்கத்த மடி தங்கச்சி, இடப்பக்கத்த அதுமேல கொண்டா, இறுக்கிச் சுருட்டு" என்று வெறும் காற்றில் கைலி கட்டிக் காட்டினார். நானும் அப்படியே செய்தேன். தனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தரம்கூட அவிழ்ந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு என் நம்பர் வருவதற்குள்ளேயே தளர்ந்துவிட்டது. திரும்பவும் கையில் பிடித்துக்கொண்டேன்.

கவுண்டரில் ஒரு மலாய் அக்கா இருந்தார். கட்டைவிரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன், அது எடுக்கவில்லை. வீட்டு வேலை செய்து செய்து என் ரேகையெல்லாம் தேய்ந்திருந்தது போல. துடைத்து வைத்தேன், அப்போதும் இல்லை. இன்னொரு கையால் விரலை நன்றாக அழுத்துங்கள் என்றார். நானும் பேச்சுக்குக் கட்டுப்பட்ட பிள்ளையாக இன்னொரு கையைத் தூக்கினேன். கைலி இறங்கிவிட்டது.

பின்னாலிருந்து பெரியவர் "அல்லா" என்று முனகியது கேட்டது. அதற்குள் என் மகள் ஓடி வந்து எனக்குப் பின்னால் குந்தி, கைலியை இழுத்து ஏற்றி, இடுப்பில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். விடாதே என்றேன். விட மாட்டேன் என்றாள். நாலு மாதத்தில் நாங்கள் ஒழுங்காகப் பேசிக்கொண்டது அதுதான்.

அடுத்து போட்டோ. சிரிக்கக் கூடாது என்றார் மலாய் அக்கா. மகள் நெற்றியை என் முதுகில் முட்டுக் கொடுத்துச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நடுக்கம் அப்படியே எனக்கும் ஏறியது. மூன்று தரம் எடுத்தும் சரியாக வரவில்லை. நாலாவது படத்தில் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு இருக்கிறேன். அட்டையில் இருப்பது அதுதான்.

கைலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தோம். மகள் சாவியைத் திருகவில்லை. இனியும் வீம்பு பிடித்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அன்னிக்கு எல்லார் முன்னாலயும் உனக்கு ஷால் நீட்டினது தப்புதான்மா."

"ஷாலுக்குக் கோவமில்லம்மா. ஊர்ல எல்லாரையும் பாத்துச் சிரிப்பீங்கல்ல, அதே சிரிப்ப என்னப் பாத்தும் சிரிச்சீங்க. சட்டதான் தெரிஞ்சிது உங்களுக்கு. நான் தெரியல."

அவள் சொன்னது அப்படியே உண்மை. மூக்கைச் சிந்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று கேட்டேன். அதே பச்சைச் சட்டையில்தான் வருவாளாம். வா என்றேன். அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சொன்னபடியே வந்தாள். இந்த முறை முதலில் முகத்தைப் பார்த்தேன். கூடையை வாசலிலேயே விட்டுவிட்டு அவளோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். பின் பெஞ்சுகளில் குசுகுசு என்றார்கள், எனக்கு நன்றாகவே கேட்டது. நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் சட்டையை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

பிரசங்கத்தின்போது அவள் இடது கை என் தோளில் பட்டது. திரும்பிப் பார்த்தேன். புஜத்தில் ஒரு தழும்பு இருந்தது, பிறந்த குழந்தைக்குப் போடும் ஊசி போட்ட இடம். பல வருஷமாக அதை நான் பார்க்கவே இல்லை. ஊசி போட்ட புதிதில் அது சீழ் வைத்துச் சிவந்து கிடந்தது, பிள்ளை ராத்திரியெல்லாம் அழுதாள். ஆறும்வரை அதன்மேல் துணி உரசக்கூடாது என்று கடை கடையாக ஏறி இறங்கி, கையில்லாத சட்டையாகப் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டவள் நான்தான்.