உரலில் ஒட்டியிருந்த மாசி

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, அப்பா எங்கள் எல்லோருடைய வயிற்றையும் சேர்த்துக் கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டார். தேயிலைக் கொழுந்து மூட்டைகளை லொறியில் ஏற்றி ஏற்றி அவருக்குக் குடலிறங்கியிருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். உடம்பில் ரத்தம் போதாது, நன்றாகச் சாப்பிட்டுத் தேறி வரவேண்டும் என்றும் சொன்னார்கள். அப்பா ஹாலிஎலயில் பஸ் மாறும்போதே முடிவு செய்துவிட்டாராம். நாற்பத்தெட்டு நாளைக்கு வீட்டில் மீன், முட்டை, கருவாடு எதுவும் கூடாது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் குடும்பத்தோடு கதிர்காமம்.

மறுநாளே வீடு கழுவினோம். மீன் சட்டியை அம்மா கோழிக்கூட்டின் மேல் கவிழ்த்தாள். கோழிகளுக்கு அதைவிட நல்ல செய்தி இருந்திருக்காது. சின்ன மர உரலைக் கழுவுகிற வேலை எனக்கு வந்தது. வருஷக்கணக்காக மாசி இடித்த உரல் அது. மாசி என்றால் பார்க்க மரச்சிராய் மாதிரி இருக்கும், காய்ந்து இறுகிய மீன். அது இல்லாமல் எங்கள் பக்கத்தில் சம்பல் இடிக்கமாட்டார்கள். சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்க்கச் சொன்னாள் அம்மா. மலை ஊற்றிலிருந்து விழுகிற பீலித் தண்ணீர் அன்றைக்கு ஐஸ் மாதிரி இருந்தது. ஒரு தடவை தேய்த்துவிட்டு, மூன்று என்று சொல்லிவிட்டேன்.

முதல் வாரம் எங்கள் உடம்பு யார் சொன்னதையும் கேட்கவில்லை. பருப்பு, கடலை, பயறு என்று மாறி மாறித் தின்றதில் மூன்று பேருடைய வயிறும் மத்தளமாக உப்பியது. தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டு அத்தைக்கு எல்லாம் கேட்டது.

“என்னண்ணே, வெளிய வெயில் அடிக்குது, ஒங்க வீட்டுல மட்டும் இடி இடிக்குது?”

“இடிச்சா மழை பெய்யும். நீ போயி துணிய எடுத்து வையி” என்றார் அப்பா.

சிரிப்பெல்லாம் அந்த வாரத்தோடு சரி. வயிறு நிறையத் தின்றாலும் ஒரு மணி நேரத்தில் பசித்தது. அத்தை வீட்டில் கருவாடு பொரித்தால் கூரை இடுக்கு வழியாக வாசனை வந்து எங்கள் தட்டிலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு கவளத்தோடு கையைக் கழுவிவிடுவார். கன்னம் ஒட்டிப்போனது. அம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு மூன்றாவது வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அம்மா தினமும் மிளகாயும் வெங்காயமும் வைத்துச் சம்பல் இடித்தாள். அப்பா இரண்டாம் தடவை சோறு கேட்டார். “ஒடம்பு பழகிருச்சு பாத்தியா. எல்லாம் முருகன் வேலை” என்றார். எனக்கும் பசி அடங்கியது.

ஒரு நாள் அந்தச் சம்பலில் ஏதோ என் பல்லில் நறுக்கென்று கடிபட்டது. எடுத்துப் பார்த்தேன். சிராய் போல, பழுப்பாக. நாக்கில் வைத்ததுமே தெரிந்துவிட்டது.

நான் அப்போதே கவலைக்காரி. மழை பிடித்தால் மண் சரியுமோ என்று பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை எப்படித் தாங்குவேன்? உரலின் வெடிப்பில் பழைய மாசி ஒட்டியிருந்திருக்கிறது. நான் கழுவாத இரண்டு தடவைகள்தான் இப்போது சம்பலில் வந்து விழுகின்றன. நேர்த்தி கெட்டுவிட்டது, ஆபரேஷன் மேசையில் அப்பாவுக்கு ஏதாவது ஆனால் அதற்கு நான்தான் காரணம். சொன்னால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குவார்கள். ஆஸ்பத்திரி நாள் அதற்குள் போய்விடும். சொல்லாவிட்டால் சாமிக்குத் தெரியும்.

நான் இரண்டையும் செய்யவில்லை. அம்மா கொழுந்தெடுக்கப் போனபிறகு உரலைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போய்க் கை சிவக்கத் தேய்த்தேன். அடுத்த நாள் சம்பலிலும் அந்த வாசனை இருந்தது. அதற்கும் அடுத்த நாளும். அதோடு சம்பலைத் தொடுவதை நிறுத்தினேன். வீட்டில் ஒருத்தியாவது ஒழுங்காக இருந்தால் சாமி பாதி மன்னிப்பார் என்று கணக்கு.

அப்பாவும் அம்மாவும் தேறிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் முதல் வாரத்துக்கே திரும்பினேன். பருப்பைக் கண்டாலே குமட்டியது. படியேறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு காலை, பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு விழுந்தேன்.

அம்மா மலையிலிருந்து அப்படியே ஓடி வந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல். வீட்டுக்குக் கூட்டிவந்து, சோற்றில் சம்பலைப் பிசைந்து உருட்டி என் வாயருகே நீட்டினாள்.

“வேணாம்மா. அதுல மாசி இருக்கு.”

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். உள்ளறையில் அப்பா படுத்திருந்தார்.

நான் அழுதுகொண்டே குசுகுசுவென்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தடவைதான் கழுவினேன், என்னால்தான், அப்பா செத்துப்போவார் என்று. அம்மா உள்ளறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கையில் பிடித்த உருண்டை அப்படியே இருந்தது.

“ஒம்மேல ஒரு குத்தமும் இல்லடி. தின்னு. பாவம்னா அது எனக்கு வரட்டும். நான் சாமிகிட்ட பேசிக்கிறேன்.”

என் தப்பை அம்மா தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். தின்றேன். உடம்புக்கு வெட்கமே இல்லை. இரண்டே நாளில் எழுந்து ஓடத் தொடங்கிவிட்டது.

கலியாணமாகி என் வீட்டில் நானே சம்பல் இடிக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. எந்த உரலும் ஒரு மாதம் முழுக்க வெடிப்பிலிருந்து ருசி தராது. ஒவ்வொரு நாளும் ஒரு கை அள்ளிப் போட்டால்தான் அந்த வாசனை வரும். அப்பாவின் நாக்குக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அதை மட்டும் இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அப்பா நடமாடத் தொடங்கியதும் பதுளையிலிருந்து பஸ் பிடித்துக் கதிர்காமம் போனோம். மாணிக்க கங்கையில் குளித்து, பழத்தட்டு வாங்கிக்கொண்டு கோயில் வாசல் வரைக்கும் அம்மாவும் வந்தாள். அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க போயிட்டு வாங்க. பைய யாரு பாக்குறது?”

பையில் ஈரத்துண்டு இரண்டும் ஒரு காலிப் போத்தலும்தான் இருந்தன. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. அப்பா அவளைக் கூப்பிடாமலே தட்டை எடுத்துக்கொண்டு நடந்தார்.

எனக்கு அன்று கோபம் கோபமாக வந்தது. இத்தனை நாள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் ஒரு பைக்காக வெளியே உட்காருவார்களா? உள்ளே, சாமியை மறைத்துத் தொங்கும் திரைக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு அம்மாவுக்காகவும் ஒன்று சொல்லிவைத்தேன்: எங்கம்மாவுக்கு உன்மேல் அவ்வளவு பக்தி கிடையாது, சாமி. அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே.